குளத்துத் தண்ணியும் அதுல வாழுற பூச்சியும்: டீச்சர் பதில்கள்

பள்ளிக்கூடப் பிள்ளைகள் தங்க ஊரு ஆறு, குளம், சானல் தண்ணிய தாங்களே சோதிச்சுப் பாக்கணும், கெமிக்கல் டெஸ்ட் மட்டும் பத்தாது, தண்ணிக்குள்ள கெடக்க பூச்சி புழுவையும் சேத்துப் பாக்கணும்னு போன இதழ்ல எழுதியிருந்தேன்லா, அதுக்கு கெழக்க ஆரல்வாய்மொழியில இருந்து மேக்க களியக்காவிளை வரைக்கும் கேள்வி வந்திருக்கு. வாத்தியார்மாரும் பிள்ளைகளும் தான் கூடுதல், சில அம்மாமாரும் கேட்டிருக்காங்க. ஒரே மாதிரி கேள்விகள ஒண்ணாச் சேத்து பதில் எழுதுதேன்.

கேள்வி: டீச்சர், நான் திருவட்டாறு பக்கம் ஒரு அரசுப் பள்ளியில சயின்ஸ் எடுக்கேன். குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு எட்டு, ஒம்பது படிக்க பிள்ளைகள வச்சு ஆத்துத் தண்ணி ஆய்வு செய்யலாம்னு இருக்கோம். கையில ஒரு டிடிஎஸ் பேனாவும் (தண்ணியில கரைஞ்ச உப்பு அளவ காட்டுறது) பிஹெச் பேப்பரும் (தண்ணி புளிப்பா காரமான்னு காட்டுறது) தான் இருக்கு. இது போதுமா?

தொடங்கப் போதும் சார், முடிக்கப் போதாது. ஆனா சாமான் வாங்கதுக்கு முந்தி பிள்ளைகள உக்கார வச்சு என்ன கேள்வி கேக்கப் போறோம்னு முடிவு பண்ணுங்க. "எங்க ஆத்துத் தண்ணி நல்லதா கெட்டதா"ன்னு கேட்டா பதில் வராது. குடிக்கவா, குளிக்கவா, மீன் வாழவா, வயலுக்கு விடவா, எதுக்கு நல்லதுன்னு கேக்கணும். ஒவ்வொண்ணுக்கும் அளவு வேற. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குளிக்க தண்ணிக்கு ஒரு லிட்டர்ல கரைஞ்ச ஆக்சிஜன் 5 மில்லிகிராமுக்கு கொறையக் கூடாதுங்குது, மீன் வாழ 4 இருந்தா போதும்னு வச்சிருக்கு. அப்போ 4.5 இருக்க தண்ணி நல்லதா கெட்டதா, நீங்களே சொல்லுங்க.

உங்க ஊருக்கு நல்ல இடம் கெடச்சிருக்கு. கோதையாறும் பரளியாறும் மூவாற்றுமுகத்துல சேந்து குழித்துறை வழியா தேங்காப்பட்டணத்துல கடலுக்குப் போவுது. சேரதுக்கு முந்தி ரெண்டு ஆத்துலயும் ஒவ்வொரு இடம், சேந்த பெறகு ரெண்டு தண்ணியும் நல்லா கலந்து கொஞ்சம் கீழ போனதும் ஒரு இடம், அவ்வளவுதான் ஆய்வு. இந்த மூணையும் ஒரே நாள்ல ஒரே நேரத்துல மூணு குரூப்பா பிரிஞ்சு பாத்தீங்கன்னா, எந்த ஆறு என்னத்த கொண்டு வருதுன்னு தெரியும். மாவட்டம் பூரா இருவது இடத்துல ஒவ்வொரு தடவ பாட்டில்ல பிடிச்சுட்டு வந்து எழுதுத ரிப்போர்ட்ட விட இதுக்கு மதிப்பு கூடுதல்.

கூட வேண்டியது, ஒரு தெர்மாமீட்டர், கரைஞ்ச ஆக்சிஜன் பாக்க கெமிக்கல் (ஹையர் செகண்டரி லேப் இருக்க ஸ்கூல்ல பாதி சாமான் ஏற்கனவே இருக்கும்), அடுப்பங்கரையில இருக்க ஒரு அரிப்பு, பழைய கொசுவலைத் துணி, வெள்ளை பிளாஸ்டிக் பேசின், ஐஸ் கட்டி பிடிக்க டிரே, ஒரு லென்ஸ். குளம்னா தண்ணி எவ்வளவு தெளிவா இருக்குன்னு பாக்க செக்கி தகடு ஒண்ணு நீங்களே செய்யலாம், 20 செண்டிமீட்டர் அகலத்துல வட்டமா வெட்டி நாலா பிரிச்சு கருப்பும் வெள்ளையும் மாத்தி மாத்தி பெயிண்ட் அடிச்சு கயித்துல கட்டி எறக்கி எந்த ஆழத்துல மறையுதுன்னு பாக்கணும். 1865ல ஏஞ்சலோ செக்கின்னு இத்தாலிக்கார சாமியார் கடல்ல செஞ்சு பாத்தது, இன்னைக்கும் ஏரி ஆராய்ச்சி செய்றவங்க கையில அது இருக்கு.

மழைய மறந்திராதீங்க. நமக்கு ஜூன்ல தென்மேற்கும் வரும், அக்டோபர், நவம்பர்ல வடகிழக்கும் வரும், மத்த மாவட்டம் மாதிரி ஒரு மழையோட நிக்காது. வெள்ளம் பெருகி ஓடினா கல்லுக்கு அடியில இருக்க பூச்சியெல்லாம் அடிச்சிட்டுப் போயிரும், உடனே போய் வலை போட்டா ஒண்ணும் கெடைக்காது, மாசுன்னு தப்பா எழுதிருவீங்க. பெருவெள்ளம் வடிஞ்சு ரெண்டு வாரமாவது விடுங்க. ஜனவரி முதல் மார்ச் வரைக்கும் நல்ல காலம். மேல மலையில வன எல்லைக்குள்ள போணும்னா வனத்துறை அனுமதி கடிதம் முதல்லயே வாங்கிருங்க, பிள்ளைகள கூட்டிட்டுப் போறோம், இது கட்டாயம்.

கேள்வி: மலையில இருந்து வர ஓடையில டிடிஎஸ் 35 காட்டுது, எங்க வீட்டுக் கெணத்துல 420 காட்டுது. அப்போ ஓடைத் தண்ணி தானே சுத்தம்? (கீரிப்பாறை, பத்தாம் கிளாஸ்)

இல்ல மக்கா. அந்தப் பேனா தண்ணியில கரண்டு எவ்வளவு கடக்குதுன்னு பாத்து கரைஞ்ச உப்பு இவ்வளவு இருக்கும்னு கணக்கு போட்டுச் சொல்லுது, அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். நம்ம மலையில இருக்கது பழைய கெட்டிப் பாறை, லேசுல கரையாது, அதனால மேல இருந்து வர தண்ணியில உப்பு கொறவா தான் இருக்கும். அதே ஓடையில மேல ஒரு செத்த பன்னி கெடந்தாலும் டிடிஎஸ் பெருசா ஏறாது. கிருமியும் பூச்சிமருந்தும் அந்தப் பேனாவுக்குத் தெரியாது. குடிதண்ணிக்கு இந்தியத் தர அளவு 500க்குள்ள, வேற வழியே இல்லேன்னா 2000 வரைக்கும், அந்தக் கணக்குல உங்க கெணறு உப்பு விசயத்துல பாஸ். மத்த விசயத்துக்கு வேற டெஸ்ட் வேணும். வீட்டு வாசல்ல வந்து பேனாவ முக்கிக் காட்டி மெஷின் விக்கவங்க கிட்ட இத பெரியவங்களும் கேட்டுக்கிடணும்.

இன்னொண்ணும் சொல்லிருதேன், இப்பிடி உப்பு கொறஞ்ச மலைத்தண்ணியில பிஹெச் பேப்பர் நெறம் மாற நேரம் எடுக்கும், நனைச்ச உடனே பாத்து எழுதாதீங்க, நெறம் மாறி நிக்கது வரைக்கும் பாத்திருந்து எழுதுங்க.

கேள்வி: எங்க ஊர் குளத்துல எங்க குரூப் காலைல ஆறரைக்கு டிஓ (கரைஞ்ச ஆக்சிஜன்) பாத்தோம், 2.4 வந்துச்சு. இன்னொரு குரூப் அன்னைக்கே மதியம் ரெண்டு மணிக்கு பாத்தது 11. ஏதோ ஒண்ணு தப்புன்னு சொல்லி ரெண்டையும் சார் அடிச்சுட்டாரு. எது சரி? (சுசீந்திரம் பக்கம், ஒம்பதாம் கிளாஸ்)

ரெண்டும் சரி. அடிச்ச நோட்ட சாருகிட்ட இந்தப் பக்கத்தோட கொண்டு காட்டுங்க, கோவப்பட மாட்டாரு.

குளம் பச்சைப் பசேல்னு இருக்கா? இருந்தா நீங்க எழுதின ரெண்டு நம்பரும் அந்தக் குளத்தோட கதைய முழுசா சொல்லிருச்சு. பாசி வெயில் இருக்கது வரைக்கும் ஆக்சிஜன் விடும், மதியம் ஆகும்போ தண்ணி தாங்குறதுக்கும் மேல ஏறிரும். 30 டிகிரி சூட்டுல காத்தோட மட்டும் ஒட்டி இருக்க நல்ல தண்ணியில சுமார் 7.5 மில்லிகிராம் தான் இருக்க முடியும், 20 டிகிரியில 9. நீங்க 11 பாத்தீங்கன்னா அதிகப்படி பாசி போட்டது. ராத்திரி அதே பாசி, மீன், அடியில அழுகுற சேறு எல்லாம் சேந்து ஆக்சிஜன இழுக்கும், போடதுக்கு ஆளில்ல, விடியும்போ அடிமட்டத்துக்கு வந்திரும். பிஹெச்சும் இதே மாதிரி மதியம் ஏறும் காலைல எறங்கும், 9 தாண்டினாலும் ஆச்சரியப்படாண்டாம். ஆக நல்ல ஆறுன்னா காலைக்கும் மதியத்துக்கும் வித்தியாசம் கொறவு, உரமும் சாக்கடையும் சேந்து பாசி பிடிச்ச குளம்னா வித்தியாசம் கூடுதல். அந்த வித்தியாசத்தையே ஒரு அளவா எடுத்துக்கிடலாம். முடிஞ்சா ஒரு சனிக்கிழமை காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் மூணு மணிக்கூருக்கு ஒரு தடவ எடுத்து கிராஃப் போடுங்க, அத விட நல்ல சார்ட் உங்க எக்ஸிபிஷன்ல இருக்காது.

டெஸ்ட் பண்ணுத முறையிலயும் கவனம் வேணும், ஆக்சிஜன் பாட்டில்ல இருந்து ஓடுத சாமான். தண்ணிய ஊத்தி எடுக்கக் கூடாது, பாட்டில தண்ணிக்குள்ள முக்கி குமிழ் ஒண்ணு கூட இல்லாம நெறச்சு உள்ள வச்சே மூடணும். மாங்கனீசு சல்ஃபேட்டும் காரம் கலந்த அயோடைடும் குளக்கரையில வச்சே விட்டிரணும், அப்போ தான் ஆக்சிஜன் கட்டுப்படும். உடனே பிரவுன் நெறத்துல திரிஞ்சு வந்தா ஆக்சிஜன் இருக்கு, வெறும் வெள்ளையா திரிஞ்சா ஆக்சிஜனே இல்ல. பிரவுன் எவ்வளவு கட்டியா இருக்கோ அவ்வளவு ஆக்சிஜன், சின்னப் பிள்ளைகளுக்கு கண்ணால பாத்தே புரியும். பெறகு ஆசிட் விட்டு கரைச்சு, லேப்ல 200 மில்லி எடுத்து 0.025 நார்மல் தயோசல்ஃபேட்ட விட்டு, ஸ்டார்ச்சோட நீலம் மறைஞ்சதும் நிறுத்தணும். எத்தன மில்லி செலவாச்சோ அத்தன மில்லிகிராம் ஒரு லிட்டருக்கு, கணக்கே போடாண்டாம். ஹங்கேரிக்காரர் விங்க்ளர் 1888ல கண்டுபிடிச்சது, இன்னைக்கும் மீட்டர் சரியா காட்டுதான்னு பாக்க இதத்தான் செய்வாங்க. அடர் ஆசிட்ட டீச்சரோ சாரோ தான் விடணும், பிள்ளைகள் கையில குடுக்காதீங்க. முடிஞ்ச கழிவ குளத்துல கொட்டாம பாட்டில்ல அடச்சு லேப்புக்கே கொண்டு வாங்க.

இதோட ஒட்டின ஒரு கேள்வி தேரூர் பக்கத்துல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க, மேகம் மூடி மழை வராம இருந்த நாலு நாளுக்குப் பெறகு காலைல குளத்துல மீன் செத்து மிதந்துச்சாம், யாரோ விஷம் கலக்கிட்டாங்கன்னு ஊரே பேசுதாம். கலக்கியிருக்கவும் செய்யலாம், ஆனா முதல்ல ஆக்சிஜன சந்தேகப்படுங்க. வெயில் இல்லாத நாள்ல பாசி பகல்லயும் ஆக்சிஜன் போடாது, நாலு நாள் கடன் சேந்து ஒரு விடியக்காலம் தீந்து போவும். முந்துன நாள் காலைல மீன் வாயப் பிளந்து மேல வந்து நின்னுச்சான்னு ஊர்ல விசாரிங்க. விரால் மாதிரி வெளிக்காத்த குடிக்க மீன் உயிரோட இருந்து மத்த மீன் மட்டும் செத்திருந்தா அது ஆக்சிஜன் கொறவு தான்னு நெனைக்க நியாயம் கூடும். விரால், தவளை, தண்ணிப்பாம்பு எல்லாமே சேந்து செத்திருந்தா உடனே புகார் குடுத்து தண்ணி எடுக்கச் சொல்லுங்க.

கேள்வி: எங்க குளத்துச் சேத்துல செவப்பு புழு நெறைய கெடச்சுது. செவப்பு புழு இருந்தா மாசுன்னு புத்தகத்துல இருக்கு. தாமரை பூக்குத அழகான குளம் டீச்சர், எங்களுக்கு கஷ்டமா இருக்கு. (நாகர்கோவில் பக்கம், எட்டாம் கிளாஸ் பிள்ளைகள்)

கஷ்டப்படாதீங்க பிள்ளைகளா, இந்தக் கேள்விக்குத்தான் நான் கொஞ்சம் நீட்டி பதில் சொல்லப் போறேன்.

அந்தச் செவப்பு புழு கடிக்காத ஒரு சின்ன ஈயோட குஞ்சு. நம்ம ரத்தத்துல இருக்க ஹீமோகுளோபின் அதுக்கும் இருக்கு, அதான் செவப்பு, அத வச்சு ஆக்சிஜன் கொறஞ்ச சேத்துலயும் வாழும். சாக்கடையிலயும் இருக்கும், நல்ல குளத்துச் சேத்துலயும் இருக்கும். அது இருக்கதனால ஒண்ணும் நிரூபணம் ஆகாது. அது கூட வேற யாரெல்லாம் இருக்காங்கன்னு பாக்கணும். செவப்பு புழுவும் நூல் மாதிரி டியூபிஃபெக்ஸ் புழுவும் மட்டும் ஆயிரக்கணக்குல இருந்து வேற ஒண்ணுமே இல்லேன்னா மோசம். எலிக்கு வால் மாதிரி நீளமா மூச்சுக்குழாய் வச்சிருக்க புழு கெடச்சா ரொம்ப மோசம், அது சாணிக்குழியிலயும் வாழும். அதுக்குப் பதிலா செவப்பு புழு நாலு, தும்பிக் குஞ்சு ரெண்டு மூணு வகை, ஊசித்தும்பிக் குஞ்சு, சின்னக் கொஞ்சு, நத்தை ரெண்டு வகை, மேஃப்ளைங்குத பூச்சியோட குஞ்சு (அடையாளம் கீழ சொல்லுதேன்) ஒண்ணு ரெண்டுன்னு கலந்து கெடச்சா உங்க தாமரைக் குளம் நல்லா தான் இருக்கு.

பூச்சிய எதுக்குப் பாக்கணும்னு இன்னொரு பையன் கேட்டிருக்கான், அவனுக்கும் இங்கயே சொல்லிருதேன். கெமிக்கல் டெஸ்ட் நீங்க பாட்டில முக்கின அந்த நிமிசத்த சொல்லும். ராத்திரி கழிவத் தொறந்து விட்டு காலைல மூடிட்டா, பத்து மணிக்கு போற உங்களுக்கு தண்ணி சுத்தமா தான் தெரியும். கல்லுக்கு அடியில மாசக்கணக்கா கெடக்க மேஃப்ளை குஞ்சு அந்த ராத்திரியையும் அனுபவிச்சிருக்கும், தாங்கலேன்னா செத்திருக்கும், அடுத்த தலைமுறை வந்து சேர நாளாகும். கெமிக்கல் டெஸ்ட் ஃபோட்டோ, பூச்சி அந்த எடத்துல குடியிருக்க சாட்சி. அதே நேரம் பூச்சி காணாமப் போனா ஏன் போச்சுன்னு பூச்சி சொல்லாது, அதுக்கு கெமிக்கல் தான் வேணும். ஒண்ண வச்சு மத்தத தள்ளாதீங்க.

இதுல புதுசா ஒண்ணுமில்ல, கோல்க்விட்ஸ், மார்ஸன்னு ரெண்டு ஜெர்மன்காரங்க 1908, 1909லயே எந்த உயிர் எந்த மாசுல வாழும்னு பட்டியல் போட்டு வச்சாங்க. பிரிட்டன்ல அப்புறம் பூச்சிக் குடும்பத்துக்கு மார்க் போட்டாங்க, ஸ்டோன்ஃப்ளைக்கும் தட்டையான மேஃப்ளைக்கும் 10, தும்பிக் குஞ்சுக்கு 8, அட்டைக்கும் நத்தைக்கும் 3, செவப்பு புழுக் குடும்பத்துக்கு 2, மண்புழு சாதிக்கு 1. நம்ம மத்திய வாரியமும் இந்த முறைய நம்ம நாட்டுக்கு மாத்தி ஏ முதல் இ வரைக்கும் அஞ்சு தரமா வச்சிருக்கு. அதுல இன்னொரு சுலபமான கணக்கு உண்டு, சின்னப் பிள்ளைகளும் செய்யலாம். டிரேயில இருந்து கண்ண மூடின மாதிரி ஒவ்வொண்ணா எடுத்து வரிசையா வைங்க. முந்தி எடுத்ததும் இதும் ஒரே சாதின்னா அதே கூட்டம், வேற சாதின்னா புதுக் கூட்டம். மொத்தம் எத்தன கூட்டம் வந்துச்சோ அத மொத்த உயிர் எண்ணிக்கையால வகுங்க. 1க்கு கிட்ட வந்தா பல சாதி கலந்திருக்கு, 0க்கு கிட்ட வந்தா ஒரே சாதி ஆட்சி. பேரு தெரியாண்டாம், வேற வேறன்னு கண்ணுக்குத் தெரிஞ்சா போதும்.

அடையாளம் பாக்க இவ்வளவு தெரிஞ்சா போதும். மேஃப்ளை குஞ்சுக்கு பெரும்பாலும் மூணு வாலு, வயித்துக்கு ரெண்டு பக்கமும் இறகு மாதிரி செவுள் ஆடிக்கிட்டே இருக்கும். ஸ்டோன்ஃப்ளைக்கு ரெண்டே வாலு, வயித்துல அந்தச் செவுள் கெடையாது. கேடிஸ் புழு மணலையும் குச்சியையும் எச்சில் நூலால ஒட்டி சட்டை மாதிரி கூடு கட்டி அதுக்குள்ள இருந்து தலைய நீட்டும், பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும், கூட்ட பிச்சுப் பாக்காதீங்க. தும்பிக் குஞ்சு குண்டா, கீழ் ஒதட்ட கை மாதிரி நீட்டி எர பிடிக்கும். ஊசித்தும்பிக் குஞ்சுக்கு வால்ல மூணு இலை மாதிரி இருக்கும், இத மேஃப்ளைன்னு எழுதத் தோணும், செவுள் வயித்துலயா வால்லயான்னு பாத்து எழுதணும்.

ரெண்டு எச்சரிக்கை. ஸ்டோன்ஃப்ளை குளிர்ந்து பாஞ்சு ஓடுத கல்லாத்துல வாழுற சாதி, உங்க குளத்துல அது இல்லேன்னா அது மாசு இல்ல, அது அதோட வீடு இல்ல. குளத்த குளத்தோட ஒப்பிடுங்க, கல்லாத்த கல்லாத்தோட ஒப்பிடுங்க. மணக்குடி, தேங்காப்பட்டணம் பொழிமுகம் கிட்ட போனா உப்புத்தண்ணி ஏறும், நன்னீர் பூச்சி அங்க நிக்காது, அதையும் மாசுன்னு எழுதக் கூடாது. இன்னொண்ணு, தண்ணி மேல ஓடுத பூச்சி, கொசுப்புழு, நீர்த்தேள், நீர்வண்டு இதெல்லாம் வெளிக்காத்த இழுத்து வாழுறது, தண்ணியில ஆக்சிஜன் இருக்கா இல்லையான்னு அதுகளுக்கு அக்கறை கெடையாது. எண்ணி எழுதுங்க, ஆனா அதுகள வச்சு ஆக்சிஜனப் பத்தி முடிவு சொல்லாதீங்க.

பாத்து முடிச்சதும் எடுத்த இடத்துலயே விட்டிருங்க, இன்னொரு குளத்துல கொண்டு விடாதீங்க. வலையையும் காய வச்சு எடுத்துட்டுப் போங்க, இல்லேன்னா ஆகாயத்தாமரைத் துண்டு ஒட்டிக்கிட்டு நல்ல குளத்துக்குப் போயிரும். சுசீந்திரம் தேரூர் குளங்களும் வேம்பனூர் குளமும் 2022ல ராம்சர் பட்டியல்ல, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்ல சேந்த இடங்கள், பறவை கூட்டமா வந்து எறங்குத மாசங்கள்ல அங்க சத்தம் போட்டு எறங்காதீங்க, கரையில நின்னு எட்டுற தூரத்துல மட்டும் எடுங்க.

கேள்வி: எங்க பக்கத்துல ரப்பர் ஷீட் அடிக்க இடத்துல இருந்து தண்ணி ஓடைக்கு வருது, நாத்தம் தாங்கல. ஸ்கூல்ல டெஸ்ட் பண்ணி காட்ட முடியுமா? (குலசேகரம்)

முடியும். ஆனா ஒரு எடத்துல மட்டும் எடுத்தா ஒத்துக்கிட மாட்டாங்க, "மேல இருந்தே அப்பிடித்தான் வருது"ம்பாங்க. கழிவு சேரதுக்கு மேல ஒரு எடம், சேந்த பெறகு ஒரு எடம், இன்னும் கீழ ஒரு எடம்னு எடுங்க.

ரப்பர் பால ஒறைய வைக்க ஃபார்மிக் ஆசிட் விடுவாங்கல்லா, அதனால ஒறஞ்ச பெறகு வடியுத தண்ணி புளிப்பு, பிஹெச் எறங்கும். அந்தத் தண்ணியில பாலோட சத்தும் சர்க்கரையும் புரதமும் இருக்கும், கிருமிக்கு அது விருந்து, ஆக்சிஜன இழுத்துரும். பால அடர்த்தியாக்குற பெரிய யூனிட்னா அம்மோனியா சேத்திருப்பாங்க, மிச்சப் பால ஒறைய வைக்க சல்ஃபூரிக் ஆசிட் விடுவாங்க, அதுல இருந்து தான் பெறகு கெட்டுப்போன முட்டை நாத்தம் வருது. அம்மோனியா பிஹெச் கூடின தண்ணியில மீனுக்கு விஷம், அதே அளவு பிஹெச் கொறஞ்ச தண்ணியில அவ்வளவு செய்யாது, அதனால ரெண்டையும் சேத்தே எழுதணும்.

முக்கியமான டெஸ்ட் பிஓடி, அதாவது தண்ணியில இருக்க அழுகுற சாமானுக்கு எவ்வளவு ஆக்சிஜன் செலவாகுதுன்னு பாக்குறது. லேப் இன்குபேட்டர் இல்லேன்னாலும் ஒப்பிட்டுப் பாக்க ஒரு வழி இருக்கு. ஒவ்வொரு எடத்துலயும் ரெண்டு பாட்டில் நெறச்சு ஒண்ண அப்போதே ஆக்சிஜன் பாத்திருங்க, மத்தத கருப்புப் பேப்பர் சுத்தி அலமாரிக்குள்ள மூணு நாள் வச்சுப் பெறகு பாருங்க. நம்ம நாட்டுக்கு 27 டிகிரியில மூணு நாள்னு தான் முறை, நம்ம ஊர் சூடு அதுக்கு ரொம்ப தூரம் இல்ல. எவ்வளவு கொறஞ்சுதோ அவ்வளவு அழுகுற சாமான் இருந்திருக்கு. குளிக்க தண்ணின்னா இந்தக் கொறவு 3க்கு மேல போகக் கூடாது. கழிவு சேந்த பாட்டில்ல சுத்தமா 0 ஆயிருச்சுன்னா ஆக்சிஜன் ஏத்தின நல்ல தண்ணி விட்டு பத்துல ஒண்ணா கலக்கி மறுபடி செய்யணும். இப்பிடிச் செஞ்ச நம்பர கோர்ட்டுல காட்ட முடியாது, மேல கீழ வித்தியாசம் ஊருக்குப் புரியும், அதிகாரிகள வந்து எடுக்கச் சொல்ல அது போதும்.

சின்ன அளவுல வீட்டுல ஷீட் அடிச்சு பொழைக்கவங்களும் நம்ம ஆளுக தான். முதல்ல அவங்ககிட்ட பேசுங்க, நேரா ஓடைக்கு விடாம குழியில விட்டு தெளிய வச்சு விடலாம்லா.

கேள்வி: சானல்ல கதம்பல் (தேங்கா மட்டை) ஊறப் போட்ட எடத்துல தண்ணி கருத்திருக்கு. அந்தத் தண்ணிய ஹைட்ரஜன் சல்ஃபைடு டெஸ்ட் பாட்டில்ல ஊத்தி வச்சோம், கொஞ்ச நேரத்துலயே கருத்துப் போச்சு. மனுசக் கழிவு கலந்திருக்குன்னு எழுதலாமா? (தேங்காப்பட்டணம் பக்கம், பிளஸ் ஒன்)

எழுதாதீங்க. அந்த பாட்டில் 24 முதல் 48 மணிக்கூர் வச்சு, குடல்ல இருந்து வர கிருமி ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாக்கி கருக்குதான்னு பாக்குறது. உங்க சானல்ல அந்த வாயு ஏற்கனவே இருக்கு, கதம்பல் மாசக்கணக்குல ஊறி அழுகும்போ வரது அது தான், அடிச்சேறு கருப்பா இருக்கதும் அதனால தான். கொஞ்ச நேரத்துல கருத்துச்சுன்னா ஏற்கனவே இருந்த வாயுவ தான் பாட்டில் காட்டுது. அந்த எடத்துக்கு கோலிஃபார்ம்ங்குத கிருமிக் கூட்டத்துக்கான டெஸ்ட் லேப்ல தான் செய்யணும். உங்களுக்கு ஏத்த டெஸ்ட் ஆக்சிஜன், பிஹெச், தண்ணி நெறம், அப்புறம் பூச்சி. ஊறப்போட்ட எடத்துலயும் அதுக்கு மேல கதம்பல் இல்லாத எடத்துலயும் உப்பு அளவு ஒண்ணு போல இருக்கான்னு முதல்ல பாத்துக்கிடுங்க, கடல் பக்கம்லா.

கேள்வி: பிஹெச் 7, ஆக்சிஜன் 7.2, மேஃப்ளை, கேடிஸ் எல்லாம் இருக்கு. அந்த ஆத்துத் தண்ணிய பிள்ளைகள் குடிக்கலாமா?

குடிக்கக் கூடாது. பூச்சிக்கு நல்ல தண்ணி மனுசனுக்கு நல்ல தண்ணின்னு அர்த்தம் இல்ல. குடிதண்ணியில 100 மில்லியில ஒரு ஈகோலை (மலத்துல இருந்து வர கிருமி) கூட இருக்கக் கூடாதுன்னு தரம், குளிக்க தண்ணிக்கு 100 மில்லியில மொத்த கோலிஃபார்ம் 500க்குள்ள. மேல ஒருத்தர் குளிச்சாலும், மாடு எறங்கினாலும் குடிதண்ணிக் கணக்கு தப்பிரும், மேஃப்ளைக்கு அது ஒரு பொருட்டே இல்ல. குடிக்கணும்னா தெளப்பிச்சு, அதாவது கொதிக்க வச்சு குடிங்க.

கேள்வி: பிள்ளை குளத்துல எறங்குதேன்னு சொல்லுதா, பயமா இருக்கு டீச்சர். எலிக்காய்ச்சல், அமீபான்னு எல்லாம் கேக்கோம். (தக்கலை, ஒரு அம்மா)

பயம் நியாயம் தான். எலிக்காய்ச்சல் எலி மூத்திரம் கலந்த தண்ணி புண்ணு வழியா உள்ள போனா வரும், கால்ல கையில புண்ணு இருக்க பிள்ளைய அன்னைக்கு எறக்காதீங்க, நோட்டு எழுதட்டும். அமீபா மூளைக்காய்ச்சல் பக்கத்துல கேரளாவுல 2024லயும் வந்துச்சு, அது மூக்கு வழியா போறது, முங்கிக் குளிக்கது, மூக்குல தண்ணி ஏத்துறது கூடாது. ரப்பர் பூட்ஸ், கையுறை, முட்டுக்கு மேல தண்ணியில எறங்கக் கூடாது, பெரியவங்க ரெண்டு பேராவது கூட நிக்கணும், முடிஞ்சதும் சோப்பு போட்டு கை கால் கழுவணும். பெறகு காய்ச்சல் வந்தா டாக்டர்கிட்ட குளத்துல எறங்கினத சொல்லணும். இவ்வளவும் ஸ்கூல் ஒத்துக்கிட்டா அனுப்புங்க, ஒத்துக்கிடலேன்னா அனுப்பாதீங்க.

கேள்வி: எல்லாம் செஞ்சு முடிச்சு ரிப்போர்ட்ட யாருகிட்ட குடுக்க? ஸ்கூல் அலமாரியில தான் இருக்கும். (முந்துன வருசம் செஞ்ச ஒரு வாத்தியார்)

கிராம சபையில வையுங்க சார். வருசத்துல ஆறு நாள் கூடுது, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதுல மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், அன்னைக்கு பிள்ளைகளே எந்திச்சு நின்னு ஒரு சார்ட்ட விரிச்சு "எங்க குளத்துல காலைல ஆக்சிஜன் இவ்வளவு, இந்த ஓடை வந்து சேந்த பெறகு இவ்வளவு"ன்னு சொன்னா ஊர் கேக்கும். கொண்டு போற பேப்பர்ல நம்பர் மட்டும் இருந்தா பத்தாது. தேதி, மணி, எடம் (பாலத்துல இருந்து எத்தன அடி, எந்தக் கரை), முந்துன ரெண்டு நாள் மழை உண்டா, தண்ணி சூடு, யாரு எடுத்தா, எந்த முறையில பாத்தா, மூணு தடவ பாத்ததுல மூணு நம்பரும், எல்லாம் எழுதியிருக்கணும். சரியில்லாதது மாதிரி தெரியுத நம்பரையும் அடிக்காம பக்கத்துல ஒரு குறிப்பு போட்டு வையுங்க, அடுத்த வருசம் படிக்க பிள்ளைகள் அதே மாசம் அதே எடத்துல போய் பாத்து ஒப்பிட அது வேணும். மோசமா வந்த எடத்துத் தண்ணிய குடிநீர் வடிகால் வாரிய லேப்ல குடுத்து பாத்து அந்த ரிப்போர்ட்டையும் சேத்து வச்சா பேச்சுக்கு பலம் கூடும்.

மார்ச் 22க்கு ரெடியாகணும்னா ஜனவரியில முதல் சாம்பிள் எடுத்திருக்கணும், அதனால அரைப்பரீட்சை லீவுலயே பிள்ளைகள கூட்டிட்டுப் போய் எடத்த பாத்து குறிச்சு வச்சிருங்க.